லீற்றருக்கு எட்டு ஓடுகிற வானுக்கு இன்ஜெக்டர் மாற்ற வேண்டுமா?

நீங்கள் எழுதியதன் சாரம் இதுதான். மட்டக்களப்பு, கல்லடியில் வீடு. ஆறு மாதத்துக்கு முன் 2010ஆம் ஆண்டு டொயோட்டா ஹையேஸ் கேடிஎச் வான் ஒன்று எடுத்திருக்கிறீர்கள்: 3.0 டீசல், ஓட்டோமெட்டிக். விற்றவர் லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடும் என்றார். பிள்ளைகளைப் புளியந்தீவுப் பள்ளிக்கூடங்களுக்குக் கொண்டுபோய் விட்டு ஏற்றி வரும் அன்றாட ஓட்டம் காலையும் பகலுமாக 14 கிலோமீற்றர், அதில் ஏழரை எட்டுத்தான் வருகிறது. மாதம் ஒருமுறை கொழும்புக்குப் போய்வந்தால் பத்தரை வருகிறது. ஞாயிறுகளில் திருக்கோவில் போய்வருவதும் உண்டு. கராஜில் காட்டியபோது சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் நாலு இன்ஜெக்டரையும் மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். “வானில் பிழை இருக்கா?” என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் முடிவெடுக்க வேண்டியது வேறொன்று: அவ்வளவு காசைப் போட்டு இன்ஜெக்டர் மாற்றினால் அந்த 12 வருமா?

வராது. அந்த எஞ்சினும் அந்த உடம்பும் உள்ள வானில், பள்ளிக்கூட ஓட்டத்தில், 12 என்ற எண்ணே கிடையாது. அதைவிட முக்கியமானது, நீங்கள் எழுதிய இரண்டு எண்களும் சேர்ந்து சொல்வது. இன்ஜெக்டர் ஒழுகினால் அது டவுனுக்குள் மட்டும் ஒழுகாது, ஹபரணைக் காட்டுக்குள்ளும் ஒழுகும். கொழும்பு ஓட்டத்தில் பத்தரை வருகிற 3.0 ஓட்டோமெட்டிக் கேடிஎச், ஏசியும் ஆட்களும் சாமான்களுமாகப் போகிறது என்றால், அந்த எஞ்சின் டீசலை ஒழுங்காகத்தான் எரிக்கிறது. டவுனுக்கும் நெடும்பாதைக்கும் இடையில் இருக்கும் அந்த இரண்டரைக் கிலோமீற்றர் எங்கே போகிறது என்று தேடுவதுதான் இங்கே வேலை.

விற்பவர்கள் சொல்லும் எண் பெரும்பாலும் ஜப்பான் அட்டவணையிலிருந்து வருவது, அல்லது ஒரு நல்ல நாளில் நெடும்பாதையில் பார்த்தது. அந்தக் காலத்து ஜப்பான் வாகனங்களுக்கு ‘10·15’ என்றொரு சோதனை முறை இருந்தது. சூடேறிய எஞ்சின், ஏசி இல்லை, உருளைகளின் மேல் நிறுத்திவைத்த வாகனம், அதிகபட்ச வேகமே 70. பிறகு ஜேசி08 முறை வந்தது. கொஞ்சம் கடுமையான சோதனைதான், ஆனால் அதிலும் ஏசி கிடையாது. பகல் ஒரு மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் முன் ஏசி, பின் ஏசி இரண்டையும் போட்டுக்கொண்டு நிற்கும் வானை அந்த எண்ணோடு ஒப்பிடவே கூடாது.

முதலில் அளவைச் சரியாக எடுங்கள். 2,000 ரூபாய்க்கு அடித்து, முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துக் கணக்குப் போடுவதால் எதுவும் தெரியவராது. தாங்கியின் வடிவம் ஒழுங்கானதல்ல, முள்ளின் மேல்பாதியும் கீழ்பாதியும் ஒரே அளவு டீசலைக் காட்டுவதும் இல்லை. ஒரே பெற்றோல் செட், ஒரே பம்ப், வான் சமதரையில். குழாய் தானாக முதல் தடவை ‘டக்’ என்று நிற்கும் இடத்தோடு விட்டுவிடுங்கள், மேலே தட்டித் தட்டி அடிக்க வேண்டாம். டீசல் நுரைக்கும். அந்த நுரையால் முதல் நிறுத்தமே ஒரு தடவைக்கு மறுதடவை ஒன்றிரண்டு லீற்றர் முன்பின்னாக வரலாம். 15 லீற்றர் அடித்து அளந்தால் அந்தப் பிழை பத்தில் ஒரு பங்கையும் தாண்டிவிடும். 45 லீற்றர் அடித்து அளந்தால் அதே பிழை மூன்றில் ஒன்றாகக் குறையும். ஆகவே ஒவ்வொரு அளவும் 40 லீற்றருக்கு மேல் இருக்கட்டும், தொடர்ந்து மூன்று தடவை எடுங்கள். இதில் டவுன் ஓட்டத்தையும் கொழும்பு ஓட்டத்தையும் ஒரே தாங்கியில் கலக்கக் கூடாது. கலந்தால் வருகிற ஒன்பதோ ஒன்பதரையோ ஒன்றுக்கும் உதவாது. 2022இல் கியூஆர் முறையில் டீசல் தந்த காலத்தில் பலர் ஒவ்வொரு லீற்றரையும் கொப்பியில் எழுதினார்கள். அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டது பெரிய நட்டம்.

மீற்றரும் பொய் சொல்லும். உங்கள் வானுக்கு வந்த டயர் 195/80ஆர்15 என்றால் அதன் விட்டம் ஏறக்குறைய 693 மில்லிமீற்றர். விலை குறைவென்று யாராவது 195/70ஆர்15 போட்டிருந்தால் விட்டம் 654தான். சக்கரம் சிறிதானால் அதே தூரத்துக்கு அதிக சுற்று சுற்றும், மீற்றரும் அதிகமாகக் காட்டும். மீற்றர் 100 காட்டும்போது உண்மையில் 94தான் ஓடியிருப்பீர்கள். அப்படியென்றால் விற்றவரின் 12 அந்த இடத்திலேயே 11.3 ஆகிவிடுகிறது. டயரின் பக்கத்தில் எழுதியிருப்பதையும் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தாளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். திருக்கோவில் போகிற நாளில் ஏ4 வீதியின் கிலோமீற்றர் கற்களை வைத்து ஒரு 40 கிலோமீற்றருக்கு மீற்றரைச் சரிபார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

இப்போது அந்த 14 கிலோமீற்றர். இதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். 3.0 டீசல் எஞ்சின் சூடான பிறகு ஏசி இல்லாமல் ஸ்டார்ட்டில் நிற்கும்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ 750 சுற்று. நாலு சிலிண்டர், நாலு ஸ்ட்ரோக் என்பதால் ஒரு சுற்றுக்கு இரண்டு தெளிப்பு, நிமிடத்துக்கு 1,500 தெளிப்பு. ஒரு தெளிப்புக்கு 8 கன மில்லிமீற்றர் என்று வைத்தால் நிமிடத்துக்கு 12 மில்லிலீற்றர், மணிக்கு 0.7 லீற்றர். ஏசி போட்டதும் சுற்று 900க்கு ஏறும், தெளிப்பு 11 அளவுக்குப் போகும். அப்போது மணிக்கு 1.2 லீற்றர். காலையில் வாசலில் பத்து நிமிடம், பகலில் பத்து நிமிடம் ஸ்டார்ட்டில் நின்றால் 0.4 லீற்றர் போய்விட்டது. மீதி 14 கிலோமீற்றரும் ஓடும்போது லீற்றருக்குப் பத்து என்று தாராளமாக வைத்தாலும் 1.4 லீற்றர். இரண்டையும் கூட்டினால் 1.8. பதினாலை 1.8ஆல் பிரித்தால் 7.8. நீங்கள் எழுதிய எண் அப்படியே வந்துவிடுகிறது, ஒரு பழுதையும் கணக்கில் சேர்க்காமலே.

நான் மேலே வைத்த 8, 11 என்பவை இந்த வகை எஞ்சின்களில் வழக்கமாகக் காணக்கூடிய அளவுகள். உங்கள் வானின் சரியான எண்ணை, எஞ்சின் கணினியை வாசிக்கும் ஸ்கேனர் காட்டும். சூடான எஞ்சின், ஏசி ஓஃப், விளக்குகள் ஓஃப் என்ற நிலையில் தெளிப்பின் அளவைப் பார்த்து மேலே சொன்ன மாதிரி பெருக்கிக்கொள்ளுங்கள். 8 இருக்க வேண்டிய இடத்தில் 13, 14 நிற்கிறது என்றால் அப்போது கேள்வி வேறு: எஞ்சினை ஏதோ ஒன்று பிடித்து இழுக்கிறது, அல்லது எஞ்சின் கணினியான ஈசியூவுக்குப் பிழையான தகவல் போகிறது.

நிறுத்தி எடுக்கும் செலவு நிற்கும் செலவை விடப் பெரியது. ஆட்களோடு 2,300 கிலோ வரும் வானை 50 வேகத்துக்குக் கொண்டுபோனால் அதற்குள் ஏறிய சக்தி ஏறத்தாழ 220 கிலோயூல். ஒரு லீற்றர் டீசலில் 36 மெகாயூல் இருக்கிறது, எஞ்சின் அதில் பத்தில் மூன்றைத்தான் சக்கரத்துக்குத் தரும் என்று வைத்தால், ஒவ்வொரு தடவையும் நின்று மீண்டும் 50ஐப் பிடிக்க 20 மில்லிலீற்றர் வேண்டும். நாலு தேக்கரண்டி டீசல். பிரேக்கை மிதிக்கும்போது அந்த நாலு தேக்கரண்டியும் பிரேக் ஷூவில் சூடாகப் போய்விடும். கல்லடிப் பாலத்தால் இறங்கி டவுனுக்குள் போகும்போதும், காத்தான்குடியில் ஈச்சமரங்கள் நிற்கும் அந்த நடுத்தடுப்பு வீதியிலும் எத்தனை தடவை நிற்கிறீர்கள் என்று ஒருநாள் எண்ணிப் பாருங்கள். இதை முற்றாகத் தவிர்க்க முடியாது. ஆனால் 100 மீற்றர் முன்னாலேயே கூட்டம் தெரிகிறது என்றால் எக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, கியரிலேயே உருட்டிக்கொண்டு போய்ச் சேரலாம். அப்படி உருளும்போது இந்த எஞ்சின்கள் தெளிப்பையே நிறுத்திவிடும், செலவு பூச்சியம். நியூட்ரலில் போட்டால்தான் எஞ்சின் தன்னை ஓடவைக்க டீசல் குடிக்கும்.

மூன்றாவது, சூடு. டீசல் எஞ்சின் முழுச் சூட்டுக்கு வர நம்முடைய வெயிலிலும் பல கிலோமீற்றர் ஓட வேண்டும். கல்லடியிலிருந்து புளியந்தீவு மூன்றரைக் கிலோமீற்றர். எஞ்சின் சூடாவதற்குள் வாசல் வந்துவிடும், திரும்பி வந்து நிறுத்தினால் மத்தியானத்துக்குள் ஆறிவிடும். அதற்காக வீட்டு முற்றத்தில் பத்து நிமிடம் ஸ்டார்ட்டில் வைத்துச் சூடாக்குவது இரட்டை நட்டம். ஸ்டார்ட் பண்ணி அரை நிமிடம் போதும், பிறகு மெதுவாக ஓட்டுங்கள், ஓட்டம்தான் அதை விரைவில் சூடாக்கும். டர்போ ஆற வேண்டும் என்று நிறுத்தும்போதும் சிலர் ஐந்து நிமிடம் வைத்திருக்கிறார்கள். அது நெடும்பாதையில் இழுத்து வந்து நேரே நிறுத்தும்போது தேவை, அதற்கும் ஒரு நிமிடம் காணும். டவுன் ஓட்டத்துக்குப் பிறகு தேவையே இல்லை.

ஏசி விஷயத்தில் பலருக்கு ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. கொழும்புக்குப் போகும்போது சிக்கனம் என்று ஏசியை நிறுத்துவார்கள், டவுனுக்குள் போட்டுக்கொள்வார்கள். செலவு நேரெதிர். ஏசி நேரத்துக்குத்தான் செலவு வைக்கும், தூரத்துக்கு அல்ல. உள்ளே குளிர்ந்த பிறகு மணிக்கு அரை லீற்றர் என்று வைத்தால், 20 வேகத்தில் ஊரும்போது கிலோமீற்றருக்கு 25 மில்லிலீற்றர், 60 வேகத்தில் ஓடும்போது 8 மில்லிலீற்றர். நெடும்பாதையில் போட்டுக்கொண்டு போங்கள். டவுனுக்குள் வெயிலில் நின்ற வானில் ஏறியதும் கதவெல்லாம் திறந்து ஒரு நிமிடம் சூட்டை வெளியே விடுங்கள், பிறகு ஏசி போட்டு உட்காற்றுச் சுழற்சியில் வையுங்கள். வெளிக்காற்றை இழுக்கும் நிலையில் விட்டால் கொம்பிரசர் ஓயவே மாட்டாது. முன்னால் இருக்கும் கண்டென்சரில் பூச்சியும் வயல் தூசியும் அடைந்திருந்தாலும் அப்படித்தான். தண்ணீரால் மெதுவாகக் கழுவுங்கள், வலுவான அழுத்தத்தில் அடித்தால் தகடுகள் மடிந்து காற்றை மறித்துவிடும்.

நெடும்பாதையில் காற்றுத்தான் எதிரி. கேடிஎச் கிட்டத்தட்ட இரண்டு மீற்றர் உயரம், நெற்றி செங்குத்து. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 70இல் இருந்ததைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல் 90இல். மாரிகாலத்து வாடைக்காற்று மணிக்கு 20 வேகத்தில் எதிரே அடித்தால் நீங்கள் 70இல் போனாலும் வானுக்கு அது 90தான். மார்கழியில் திருக்கோவிலிலிருந்து வடக்கே திரும்பி வரும்போது குறைந்து, போகும்போது கூடித் தெரிந்தால் அதற்காகக் கராஜுக்குப் போக வேண்டாம். கூரையில் கெரியர் போட்டிருந்தால், சாமான் இல்லாத நாளில் கழற்றிவிடுங்கள். நெடும்பாதையில் பத்தில் ஒரு பங்கு வரை அது தின்னும். கொழும்புக்குப் பொலன்னறுவை, ஹபரணை வழியாகப் போகும் ஓட்டத்தையும், செங்கலடியிலிருந்து மஹா ஓயா, பிபிலை, லுணுகலை வழியாகப் பதுளை போகும் ஓட்டத்தையும் ஒன்றாகப் பார்க்கக் கூடாது. பதுளை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர். உங்கள் வானை அந்த உயரத்துக்குத் தூக்கவே 1.4 லீற்றர் போகும். இறங்கும்போது அதில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும், அதுவும் கியரில் இறங்கினால் மட்டும். பசறைப் பக்கம் நியூட்ரலில் இறக்குவது உயிரோடு விளையாடுவது.

இனிப் பழுதுகள். டவுனில் எட்டு என்பது இயல்பு என்று சொன்னாலும், இந்த வயது வானில் அரைக் கிலோமீற்றர், ஒரு கிலோமீற்றரைத் தின்னும் சிறு பழுதுகள் ஒன்றிரண்டாவது இருக்கும். மலிவானதிலிருந்து தொடங்குங்கள்.

டயர்க் காற்று முதலாவது. டயர் கடையில் “எவ்வளவு?” என்று கேட்காமலே காருக்கும் வானுக்கும் 35 பிஎஸ்ஐ அடித்துவிடுவார்கள். இந்த வான் டயர்கள் பாரம் தாங்கும் வகை, கதவுத் தூணில் இருக்கும் தாள் அதைவிட அதிகமாகக் கேட்கும். தாளில் கிலோபாஸ்கலில் இருக்கும், 6.9ஆல் பிரித்தால் பிஎஸ்ஐ. 300 என்று இருந்தால் 43.5. அந்த இடத்தில் 35 அடித்தால் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டயர் நசிந்து நசிந்து உருண்டு சூடாகும், அந்தச் சூடு டீசலில் இருந்து வருவது. காலையில் ஓடுவதற்கு முன் குளிர்ந்த டயரில் அளக்க வேண்டும். முன்னுக்கும் பின்னுக்கும் தாள் வேறு வேறு எண் சொன்னால் அப்படியே வையுங்கள். டயர் வீதியைத் தொடும் பரப்பில் உள்ளங்கையை உள்ளிருந்து வெளியாகவும், வெளியிலிருந்து உள்ளாகவும் ஒருதடவை தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் வழுக்கி, மறுபக்கம் அரத்தைப் போலச் சொரசொரத்தால் முன்சக்கரங்களின் கோணம் பிழை, டயர் உருளாமல் இழுபடுகிறது. எலைன்மென்ட் பாருங்கள்.

அடுத்தது பிரேக் பிடித்துக்கொண்டிருப்பது. நம்முடைய கரையோரத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். கல்லடி, கல்லாறு, காரைதீவு, நிந்தவூர் என்று கடலுக்கு அரைக் கிலோமீற்றருக்குள் நிற்கும் வாகனங்களில் உப்புக்காற்று, முன்பிரேக்கில் பேட்டை நெருக்கும் கலிப்பரின் ஸ்லைட் பின்னில் ஏறிவிடும். ரப்பர் உறை வெடித்திருந்தால் இன்னும் விரைவாக. அந்த ஸ்லைட் பின் துருப்பிடித்தால் பிரேக்கை விட்ட பிறகும் பேட் தகட்டை விடாது, மெல்லிசாக உரசிக்கொண்டே இருக்கும். ஓட்டுபவருக்குத் தெரியாது, சத்தமும் இராது. பின்னால் டிரம்மில் ஹேண்ட் பிரேக் கேபிள் துருவால் இறுகி முழுதாகத் திரும்பாமல் நிற்பதும் உண்டு. இதைக் கண்டுபிடிக்கக் கராஜ் தேவையில்லை. காத்தான்குடிக்கு அப்பால் நேர்வீதியில் 15 கிலோமீற்றர் ஓட்டி, கடைசி ஒரு கிலோமீற்றரில் பிரேக்கை மிதிக்காமல் உருட்டி ஓரமாக நிறுத்துங்கள். இறங்கி, ஒவ்வொரு ரிம்முக்கும் ஓர் அங்குலம் தள்ளி உள்ளங்கையைப் பிடியுங்கள், தொட வேண்டாம். இடமும் வலமும் ஒரே சூடாக இருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் அடுப்பு வாயில் கை வைத்தது போல் அனல் அடித்தால் அந்தச் சக்கரம்தான். பிறகு அதை ஜாக்கில் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். முன்சக்கரம் என்றால் லேசான உரசலோடு ஒரு சுற்றாவது தானாக ஓட வேண்டும். ஸ்லைட் பின்னைக் கழற்றித் துருவைத் துடைத்து, பிரேக்குக்கான சிலிக்கோன் கிறீஸ் போட்டு, உறையை மாற்றினால் போதும். சாதாரணக் கிறீஸ் போட்டால் ரப்பர் ஊதிப் போய் மீண்டும் இறுகிவிடும். மாரியில் வெள்ளத்துக்குள்ளால் ஓடியிருந்தால் தண்ணீர் வடிந்ததும் இதை ஒருதடவை பாருங்கள்.

மூன்றாவது தேர்மோஸ்டாட். வான் ஒருதடவை அளவுமீறிச் சூடாகிவிட்டால் போதும், அதைக் கழற்றி எறிந்துவிடும் பழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. எஞ்சின் கொதிக்காமல் இருக்கும், உண்மை. ஆனால் அது எண்பது பாகைக்குக் கிட்ட வரும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் வைத்திருக்க வேண்டிய கருவி. அது இல்லாத எஞ்சின், முக்கியமாகக் காலை ஓட்டத்தில், சூட்டுக்கே வராது. ஈசியூ குளிர் எஞ்சின் என்று நினைத்து அதிகமாகத் தெளிக்கும், ஓயில் தடிப்பாகவே நிற்கும், சிலிண்டரும் விரைவில் தேயும். ஏழெட்டுக் கிலோமீற்றர் ஓடிய பிறகும் சூட்டு முள் நடுவுக்கு வரவில்லை, அல்லது நடுவில் நின்றது வேகமாக ஓடும்போது கீழே இறங்குகிறது என்றால், அது கழற்றப்பட்டிருக்கிறது அல்லது திறந்தபடி சிக்கியிருக்கிறது. பழைய வானை வாங்கியவர் முதலில் பார்க்க வேண்டியதில் இதுவும் ஒன்று. வானைச் சூடாக்கிய உண்மையான காரணம், அடைந்த ரேடியேட்டரோ வேலை செய்யாத விசிறி கப்ளிங்கோ, அங்கேயே இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

நாலு கியர் ஓட்டோமெட்டிக் என்பதால் இன்னொன்று, காசே இல்லாத வேலை. கியர் கம்பியில் ஓவர்டிரைவ் பொத்தான் இருக்கும். கை பட்டு அது ஓஃப் ஆகியிருந்தால் டேஷ்போர்டில் ‘ஓ/டி ஓஃப்’ விளக்கு எரியும், நாலாவது கியர் விழாது. நெடும்பாதையில் 70இல் சுற்று வழமையைவிட ஏறி, எஞ்சின் இரைந்துகொண்டே ஓடும். பலர் அந்த விளக்கை ஏதோ நல்லதுக்கு எரிகிறது என்று விட்டுவிடுகிறார்கள். உங்களுக்குக் கொழும்பு ஓட்டத்தில் பத்தரை வருவதால் இது இராது என்றுதான் நினைக்கிறேன், ஆனாலும் ஒருதடவை பாருங்கள்.

காற்று வடிகட்டி படுவான்கரைப் பக்கம் கிரவல் வீதியில் ஓடுபவர்களுக்கும், அறுவடைக் காலத்தில் வயலோரம் ஓடுபவர்களுக்கும் சீக்கிரம் அடையும். சேர்விஸ் நாள் வரை காத்திருக்க வேண்டாம். ஊதினால் உள்ளிருந்து வெளியாக, குறைந்த அழுத்தத்தில் ஊத வேண்டும். தாள் கிழிந்தால் தூசி நேரே டர்போவுக்குப் போகும். மேட்டில் இழுக்கும்போது கறுப்புப் புகை வந்து, கூடவே ‘உஸ்’ என்ற சத்தமும் கேட்டால், டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர்க் குழாய் வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். குழாயின் அடிப்பக்கத்தில் எண்ணெய் ஈரம் இருந்தால் வெடிப்பு அங்கேதான். புகையில் ஒரு பகுதியைத் திரும்ப எஞ்சினுக்குள் விடும் ஈஜிஆர் வால்வ் கரி பிடித்துத் திறந்தபடி நின்றாலும் இதே கறுப்புப் புகை வரும். அதைத் தகடு வைத்து அடைக்கச் சொல்வார்கள், கழுவினால் போதும்.

இவ்வளவுக்கும் பிறகுதான் இன்ஜெக்டர். அது கெட்டிருந்தால் அதற்கென்று அடையாளங்கள் உண்டு. காலையில் முதல் ஸ்டார்ட்டில் வெள்ளைப் புகையோடு கண் எரிகிற டீசல் மணம். ஸ்டார்ட்டில் நிற்கும்போது சீரில்லாத ஆட்டம். ஒரு சிலிண்டர் மட்டும் சுத்தியலால் தட்டுவது போன்ற சத்தம். எஞ்சின் ஓயில் குச்சியை இழுத்தால் அளவு குறையாமல் கூடியிருப்பதும், துளியை விரலில் தேய்த்து மணந்தால் டீசல் மணப்பதும். இவற்றில் ஒன்றும் இல்லை என்றால் நாலையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றச் சொல்வது சரியான ஆலோசனை அல்ல. ஸ்கேனரில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஈசியூ எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்ற திருத்த எண் தெரியும். நாலும் பூச்சியத்துக்கு அண்மையில், ஒன்றுக்கொன்று கிட்ட இருந்தால் இன்ஜெக்டர்கள் ஒத்து வேலை செய்கின்றன. ஒன்று மட்டும் விலகி நின்றால் அந்த ஒன்றைக் கழற்றி, டீசல் பம்ப் வேலை செய்யும் இடத்தில் பெஞ்சில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆனால் சிக்கனத்தோடு சம்பந்தமில்லாத ஒரு காரணத்துக்காக அந்தப் பகுதியை ஒருதடவை பார்ப்பது நல்லது. இந்தக் கேடி வகை எஞ்சின்களில் இன்ஜெக்டர் உட்காரும் இடத்து செம்பு வளையம் கசிவது தெரிந்த பலவீனம். அப்படிக் கசியும் எரிந்த வாயு ஓயிலைத் தாரைப் போலக் கெட்டியாக்கும், அந்தக் கரி ஓயில் பம்ப் உறிஞ்சும் வலையை அடைக்கும், அதற்குப் பிறகு எஞ்சினே போய்விடும். ஸ்டார்ட் பண்ணியதும் ஓயில் விளக்கு அணைய வழமையைவிட நேரம் எடுத்தால் அன்றைக்கே நிறுத்திப் பாருங்கள். நாள் கடத்தக் கூடாத விஷயம் இது ஒன்றுதான்.

இனி உறுதியாகச் சொல்ல முடியாதவை. டீசலில் கலக்கும் மருந்துகள், குழாயில் கட்டும் காந்தம், இவற்றால் லீற்றருக்கு ஒன்றிரண்டு கூடும் என்று சொல்பவர்கள் உண்டு. நல்ல நிலையில் உள்ள எஞ்சினில், மேலே சொன்ன மாதிரி ஒழுங்காக மூன்று தடவை அளந்தால், அளவின் பிழையை மீறி நிற்கும் மாற்றம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். சுப்பர் டீசலில் கந்தகம் குறைவு, எஞ்சினுக்கும் ஈஜிஆருக்கும் நல்லது, ஆனால் கூடின விலையை ஓட்டத்தில் திருப்பித் தரும் என்று நினைத்து அடிக்க வேண்டாம். பம்ப் குறைவாக அளக்கிறது என்ற சந்தேகம் இருந்தால் செட்டில் ஐந்து லீற்றர் அளவுப் பாத்திரம் கேட்டு அளந்து காட்டச் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை.

இதே கேள்வியோடு நோவா, வொக்சி வைத்திருப்பவர்களும் வருவார்கள் என்பதால் ஒரு வரி. பெற்றோல் 2.0 வான்களில் டீசலைவிட டவுன் ஓட்டம் இன்னும் அடி வாங்கும். அங்கே முதலில் பார்க்க வேண்டியது பிளக், காற்றளவு சென்சர், ஒக்சிஜன் சென்சர். ஹைபிரிட் என்றால் கதை தலைகீழ், பள்ளிக்கூட ஓட்டத்தில்தான் அது மிச்சம் பிடிக்கும். அதில் பற்றரியைக் குளிராக்கும் விசிறியின் வாயைத் தூசியும் பிள்ளைகளின் பிஸ்கட் தாளும் அடைக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

உங்கள் வானுக்குத் திரும்பினால், வாசலில் நிற்கும்போது எஞ்சினை நிறுத்தி, காற்றும் பிரேக்கும் தேர்மோஸ்டாட்டும் சரியாக இருந்தால், டவுனில் எட்டரை முதல் ஒன்பது வரை வருவது நியாயமான எதிர்பார்ப்பு. வானைக் கண்ணால் பார்க்காமல் அதற்கு மேல் சொல்வது சரியில்லை. சோதனைக்கு ஏற்ற பாதை உங்கள் ஞாயிற்றுக்கிழமைத் திருக்கோவில் ஓட்டம்தான்: சமதரை, ஏற்றமே இல்லை, போகவர 140 கிலோமீற்றருக்கு மேல். கல்முனை, சாய்ந்தமருது நெரிசல் இல்லாத விடியற்காலையில் புறப்பட்டு, 60, 65ஐத் தாண்டாமல் மூன்று ஞாயிறு ஓட்டிச் சேர்த்து அளங்கள். பத்தும் அதற்கு மேலும் வந்தால் இன்ஜெக்டர் காசை வீட்டிலேயே வையுங்கள். அந்தப் பாதையிலும் ஒன்பதுக்குக் கீழே நின்றால் ஸ்கேனரோடு போங்கள். மாற்றத்தான் வேண்டும் என்று வந்தால், புதிய இன்ஜெக்டரின் மேல் அச்சிட்டிருக்கும் குறியீட்டை ஈசியூவில் எழுதித் தருவார்களா என்று கழற்றுவதற்கு முன்பே கேளுங்கள். அதை எழுதாமல் பூட்டினால் புது இன்ஜெக்டரும் பழையதைப் போலவே ஆடும்.